கிராமத்துக் கழிவுநீர்: எங்கே போகிறது, எப்படிச் சுத்தமாகிறது?

கிராமத்து வீட்டுக்குத் தண்ணீர் குடத்தில் வந்த காலத்தில் அதை யாரும் வீணாக்கவில்லை. அடிபம்பிலோ கிணற்றிலோ பிடித்து இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர் அது. பாத்திரம் கழுவியது முருங்கைக்குப் போனது, குளித்தது கொல்லை வாழைக்குப் போனது. அவ்வளவு தண்ணீரைக் கொல்லை மண்ணே தாங்கிக்கொண்டது.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய். 2019 ஆகஸ்ட் மாதம் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு, ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். பெண்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைக்கிற நல்ல திட்டம். ஆனால் உள்ளே வருகிற தண்ணீரில் எழுபது, எண்பது சதவீதம் சில மணி நேரத்தில் அழுக்காகி வெளியே போயே தீரும். 2,000 பேர் வாழும் ஊருக்கு நாளுக்கு 1,10,000 லிட்டர் வருகிறது என்றால், 80,000 லிட்டர் போல வெளியேறும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய ஏழு லாரி, அதுவும் தினமும். இதை எங்கே விடுவது என்ற கேள்வியைப் பல ஊர்களில் யாரும் கேட்பதே இல்லை. தெருவோரம் ஒரு சிமெண்ட் வாய்க்கால் கட்டுகிறார்கள், அது ஊர்க் கோடியில் ஊருணியிலோ ஓடையிலோ போய் விழுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊருக்கு நகரத்துப் பாதாளச் சாக்கடையும் மின்சாரத்தில் ஓடும் சுத்திகரிப்பு ஆலையும் பெரும்பாலும் தேவைப்படாது, கட்டுப்படியும் ஆகாது. கழிப்பறைத் தண்ணீரை மற்ற தண்ணீரோடு கலக்காமல் வைக்க வேண்டும். அடியில் தங்கும் கசடை யார், எப்போது, எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் மீதி வேலையில் பெரும்பகுதியை மண்ணும் வெயிலும் நுண்ணுயிர்களும் பார்த்துக்கொள்ளும். ஏன் அப்படி என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

இரண்டு வகைத் தண்ணீர்

வீட்டிலிருந்து வெளியேறுவதில் பெரும்பங்கு குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் கல் ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கை, முடி, கொஞ்சம் மண் ஆகியவை இதில் இருக்கும். தேங்கினால் நாறும், கொசு பிடிக்கும். இருந்தாலும் நோய்க் கிருமிகள் இதில் ஒப்பீட்டளவில் குறைவுதான்.

இன்னொன்று கழிப்பறையிலிருந்து வருவது. வாளியில் மொண்டு ஊற்றும் கழிப்பறை என்றால் ஆளுக்கு நாளுக்குப் பத்துப் பதினைந்து லிட்டருக்குள் முடிந்துவிடும். அளவு சிறியது, ஆபத்து முழுக்க இதில்தான். ஒரு கிராம் மலத்தில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கலாம். காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, குடல்புழு எல்லாம் இந்தச் சிறு பங்கின் வழியாகத்தான் ஊருக்குள் சுற்றி வருகின்றன.

இரண்டையும் ஒரே வாய்க்காலில் விட்டால் 80,000 லிட்டரும் கழிப்பறைத் தண்ணீர் ஆகிவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீரையும் அதே கண்டிப்போடு சுத்திகரிக்க வேண்டியதாகிவிடும், செலவு பல மடங்கு ஏறும். தனித்தனியாக வைத்தால் பெரும்பங்கை வீட்டுக் கொல்லையிலேயே முடித்துவிடலாம்.

நடப்பில் எப்படி இருக்கிறது என்று அறிய எந்த ஆய்வகமும் வேண்டாம். தெரு வாய்க்காலை ஒட்டி ஒரு முறை நடந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலிருந்தும் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சோப்பு நுரை வழியும். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று தெரிந்தால் அது செப்டிக் டேங்கின் வெளிவாய். அது விழும் இடத்தில் வாய்க்காலின் அடிமண் கருத்திருக்கும், விளிம்பில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அந்தத் தடித்த குழாய்கள் எத்தனை என்று எண்ணிவிட்டால் ஊரின் நிலைமை பாதி விளங்கிவிடும்.

அழுக்கை எப்படி அளப்பது

கழிவுநீர் எவ்வளவு அழுக்கு என்று சொல்லப் பொறியாளர்கள் பி.ஓ.டி. என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. தண்ணீரில் கலந்திருக்கும் சோறு, மலம், எண்ணெய் எல்லாம் பாக்டீரியாவுக்கு உணவு. அவற்றைத் தின்னும்போது பாக்டீரியா நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் கழிவுநீரில் இருப்பதைத் தின்று தீர்க்க எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதே அந்த எண். ஒரு மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளப்பது நம் நாட்டு வழக்கம்.

வீட்டுக் கழிவுநீரில் இது 200 முதல் 300 வரை இருக்கும். நல்ல குளத்து நீரிலோ நம்மூர் வெயிலில் லிட்டருக்கு ஏழு, எட்டு மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடைக்கு, முப்பது லிட்டர் நல்ல தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் வேண்டும். சாக்கடை கலந்த ஊருணியில் மீன்கள் விடியற்காலையில் செத்து மிதந்தால் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அவை மூச்சுத் திணறித்தான் சாகின்றன. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, அது இல்லாமலே வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் பெருகும். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை நாற்றத்துக்கும் நீர் கருத்துப்போவதற்கும் காரணம்.

இது புரிந்தால் சுத்திகரிப்பு என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும். பாக்டீரியா குளத்தில் தின்னப்போவதை, குளத்துக்கு வருமுன்பே வேறோர் இடத்தில் தின்ன வைக்கிறோம். நகரத்து ஆலைகள் மோட்டார் வைத்துக் காற்றடித்து இதைச் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. இடம் மிச்சம், வேகம் அதிகம். ஆனால் காற்றடிக்கும் மோட்டார் நின்றால் உள்ளே இருக்கும் உயிர்கள் திணறும், வேலை கெடும். அதை இயக்கத் தெரிந்த ஆளும் மாதாமாதம் மின்கட்டணமும் வேண்டும். இரண்டுக்கும் ஊராட்சி திணறும். கிராமத்தில் இடம் இருக்கிறது, அவசரம் இல்லை. அங்கே மெதுவான முறைகளே பொருத்தம்.

செப்டிக் டேங்குக்குள் நடப்பது

மெதுவான முறைகளில் நமக்கு நன்றாகப் பழக்கமானது செப்டிக் டேங்க். 1860-களில் பிரான்சில் மூரா என்பவர் கட்டியது இதன் முன்னோடி. 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் டொனால்ட் கேமரன் இதே கருத்தில் கட்டிய தொட்டிக்குத்தான் இந்தப் பெயர் வைத்தார்.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் என்பது தரையும் சுவரும் நீர் கசியாமல் பூசிய, குறுக்குச் சுவரால் இரண்டு அறையாகப் பிரித்த தொட்டி. உள்ளே வரும் தண்ணீர் ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்கும். கனமானது அடியில் படியும், அதுதான் கசடு. எண்ணெயும் லேசானவையும் மேலே மிதந்து கெட்டியான ஏடாகப் படரும். நடுவில் இருக்கும் நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். போகும் வழியில் 'டி' வடிவக் குழாய் வைப்பது அதற்காகத்தான். அதன் கீழ்வாய் நடு அடுக்கில் மூழ்கி நின்று, ஏட்டையும் கசடையும் விட்டுவிட்டு நீரை மட்டும் எடுக்கும். அடியில் தங்கியதை ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்று மீத்தேன் முதலிய வாயுக்களாக மாற்றும். அதனால்தான் காற்றுப் போக்கிக் குழாய் வைக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் பி.ஓ.டி. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறையும். கிருமிகளில் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வரும். வெளிக்குழாயில் வருவது பார்வைக்குக் கொஞ்சம் தெளிவாக இருப்பதால் 'சுத்தமாகிவிட்டது' என்று நினைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். செப்டிக் டேங்க் பாதி வேலையைத்தான் செய்கிறது, மறுபாதியை மண்ணில்தான் செய்ய முடியும்.

இன்னொரு விஷயம். செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதில் பல, உண்மையில் செப்டிக் டேங்கே இல்லை. சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியைத் திறந்துவிட்ட ஒற்றைக் குழி. "எங்க வீட்டு டேங்க் இருபது வருஷமா நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இருபது வருடமாக நிறையாத தொட்டி எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் குடிநீர்க் கிணறோ போர்வெல்லோ இருந்தால் அதன் நீரைச் சோதித்துவிடுவது நல்லது. சிறுநீரில் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறும். அதை மண் பிடித்து வைக்காது, நிலத்தடி நீரோடு போய்விடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல்.

இரட்டைக் குழி

மண் நன்றாக நீரை இழுக்கிற ஊரில் கழிப்பறைக்கு நான் பரிந்துரைப்பது இரட்டைக் குழி முறை. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டரோ கொஞ்சம் கூடுதலோ ஆழம் என்று இரண்டு குழி. அவற்றுக்கு இடையே ஒரு மீட்டராவது இடைவெளி. சுவரைச் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், அடி மண்ணாகவே இருக்கட்டும். கழிப்பறையிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னப் பெட்டியில் 'ஒய்' வடிவத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் எல்லாம் மறுகுழிக்குப் போகும். நீர் பக்கவாட்டிலும் அடியிலும் மண்ணுக்குள் இறங்கும், திடப்பொருள் உள்ளே தங்கும். வாயுக்களை மண்ணே இழுத்துக்கொள்வதால் காற்றுப் போக்கி வேண்டாம்.

ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒரு குழி நிரம்ப நான்கைந்து ஆண்டு ஆகும். நிரம்பியதும் அடைப்பை மாற்றி இரண்டாவது குழியைத் திறக்க வேண்டும். நிரம்பியதை இரண்டு ஆண்டு தொடாமல் விட வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் கிருமிகள் செத்து, ஈரம் வற்றி, உள்ளே இருப்பது காபித்தூள் நிறத்தில் வாசனையில்லாத மண்ணாகிவிடும். மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம்.

கேட்பவர்கள் பலரும் முகம் சுளிப்பார்கள். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், மத்திய குடிநீர், துப்புரவுத் துறையின் அப்போதைய செயலர் பரமேஸ்வரன் ஐயர் அப்படியொரு குழிக்குள் தானே இறங்கி அள்ளிக் காட்டினார். அந்தப் படம் செய்தித்தாள்களில் வந்தது. இந்த நாட்டில் மலம் அள்ளும் வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தச் செயலுக்குத் தொழில்நுட்ப விளக்கத்தைத் தாண்டிய அர்த்தம் இருந்தது என்று நினைக்கிறேன்.

எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு மீட்டராவது காய்ந்த மண் வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பாறை வெடிப்புகள் உள்ள நிலத்தில் அந்தத் தூரமும் போதாது, வெடிப்பு வழியாக நீர் நேராக ஓடிவிடும். காவிரி டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் வரும் இடங்கள் உண்டு, அங்கே குழி முறை கூடாது. காவிரிக் கரையில் இருக்கும் முசிறியில் இதே சிக்கலுக்கு வேறு வழி தேடினார்கள். மாராச்சி சுப்புராமன் நடத்தும் ஸ்கோப் என்ற அமைப்பு, மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறைகளை அங்கே அமைத்தது. தண்ணீரே கலக்காததால் கசிவதற்கும் ஒன்றும் இல்லை. மலத்தின் மீது சாம்பல் தூவிக் காயவைத்து எருவாக்குவார்கள். சிறுநீர் நைட்ரஜன் உரமாகப் பயிருக்குப் போகும். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பழக்கத்தை மாற்ற வேண்டிய முறை என்பதால் எல்லா ஊரிலும் நிலைக்குமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நீர்மட்டம் மேலே உள்ள ஊரில் மட்டும் கட்டாயம் யோசிக்க வேண்டிய வழி.

குளியல் தண்ணீருக்கு உறிஞ்சு குழி

இனி அந்தப் பெரும்பங்கு. கொல்லையில் கொஞ்சம் மண் இருந்தால் வாழை, கல்வாழை, சேப்பங்கிழங்கு நட்டு நேராக விட்டுவிடலாம், நம் பாட்டிமார் செய்ததுதான். ஒரே இடத்தில் கொட்டாமல் இடத்தை மாற்றி மாற்றி விட்டால் மண் அடைத்துக்கொள்ளாது.

இடம் இல்லாவிட்டால் உறிஞ்சு குழி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இவை நிறைய வெட்டப்பட்டிருக்கின்றன. நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு மீட்டர். அடியில் பெரிய கல், நடுவில் உடைந்த செங்கல், மேலே ஜல்லி. நடுவில், பக்கங்களில் துளை போட்ட பழைய மண்பானை ஒன்றை வைத்து அதில் தேங்காய் நாரை அடைக்க வேண்டும். குழாய் அந்தப் பானைக்குள்தான் விழ வேண்டும். சோற்றுப் பருக்கை, முடி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நாரில் சிக்கிக்கொள்ளும். மேலே சாக்கோ பலகையோ போட்டு மண்ணால் மூடினால் கொசுவுக்கு வழியில்லை.

அந்த நாரை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பயனில்லாமல் போன உறிஞ்சு குழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையைச் செய்யாததால் போனவை. நார் நிரம்பினால் எண்ணெய்ப் பிசுக்கு கல்லுக்கு இறங்கும், அங்கிருந்து மண்ணின் துளைகளை அடைக்கும். ஒரு மழைக்காலத்தில் குழி பொங்கும். அப்புறம் யாராவது குழாயைப் பிடுங்கித் தெரு வாய்க்காலில் விட்டுவிடுவார்கள்.

வெட்டும் முன் மண்ணைச் சோதிப்பது நல்லது, அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உத்தேசித்த ஆழத்தில் ஓர் அடிக்குச் சின்னக் குழி எடுத்து, நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் இறங்கினால் நல்ல மண். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அங்கே உறிஞ்சு குழி வேண்டாம். செம்மண் நிலத்தில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. கரிசலில் நீர் அப்படியே நிற்கும். மணலில் மளமளவென்று இறங்கிவிடுவதும் நல்லதில்லை, மண்ணுக்குச் சுத்தம் செய்ய நேரமே கிடைக்காது.

மகாராஷ்டிரத்தில் நாந்தேட் மாவட்டத்தின் டெம்புர்ணி என்ற ஊர் வீட்டுக்கு வீடு இப்படிக் குழி வெட்டித் திறந்த சாக்கடைகளையே ஒழித்தது. கொசுத் தொல்லை குறைந்ததைப் பார்த்து மாவட்டத்தின் மற்ற ஊர்களும் பின்பற்றின.

ஊர் முழுவதற்கும் ஓர் இடம்

வீடுகள் நெருக்கமாக, கொல்லையே இல்லாத தெருக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே வாய்க்கால் தவிர்க்க முடியாது. அது முடியும் இடத்தில் இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன.

ஒன்று, செடி நட்ட ஜல்லிப் படுகை. முதலில் வடிதொட்டி என்ற ஒரு தொட்டியில் மண்ணும் குப்பையும் தங்கிவிட வேண்டும். பிறகு தண்ணீர், சுமார் இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய, அடி கசியாத ஒரு நீண்ட படுகைக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். நீர்மட்டம் ஜல்லிக்குக் கீழேயே நிற்கும். மேலே நடந்து போனாலும் கால் நனையாது, நாற்றம் இல்லை, கொசு முட்டையிட நீர்ப்பரப்பும் இல்லை. மேலே நாணல், சம்பு, கல்வாழை நடுவார்கள். செடிகள்தான் அழுக்கை உறிஞ்சுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஜல்லியை எடுத்துத் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். அந்தப் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. வேர்கள் அவற்றுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் கொடுக்கும், ஜல்லி இறுகாமல் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,000 பேருக்கு அரை ஏக்கர். புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில்லில் இத்தகைய படுகைகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன, நேரில் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி குளங்கள். ஆழமான முதல் குளத்தில் கசடு படியும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள இரண்டாவதில் பச்சைப் பாசி வளரும். வெயிலில் பாசி வெளியிடும் ஆக்சிஜனைப் பாக்டீரியா பயன்படுத்திக்கொள்ளும், மோட்டார் செய்யும் வேலையை இங்கே சூரியன் செய்கிறது. ஆழம் குறைந்த மூன்றாவது குளத்தில் வெயில் அடிவரை இறங்கிக் கிருமிகளைக் கொல்லும். வெப்ப நாடான நமக்கு இது மிகவும் தோதானது. குளிர் நாடுகளில் இதற்கு எவ்வளவோ கூடுதல் இடம் வேண்டும்.

பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்தில் சீச்சேவால் என்ற கிராமம் இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு. 160 கிலோமீட்டர் நீளமுள்ள காலி பேயின் என்ற சிற்றாறு, கரையோர ஊர்களின் சாக்கடையால் நாறிக் கிடந்தது. குருநானக் வாழ்வோடு தொடர்புள்ள ஆறு அது. 2000-ல் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற சீக்கியத் துறவி மக்களைத் திரட்டி அதைத் தூர்வாரத் தொடங்கினார். ஆனால் ஊர்ச் சாக்கடை வந்துகொண்டே இருந்தால் தூர்வாரி என்ன பயன்? அதனால் கிராமங்களில் சாக்கடையை ஆற்றுக்கு விடாமல், குழாயில் திருப்பி, அடுத்தடுத்து வெட்டிய கிணறுகள் வழியாக விட்டார்கள். மண்ணும் கனமானவையும் அடியில் தங்கும், எண்ணெயும் மிதப்பவையும் பிரியும். பிறகு குளத்தில் வெயில் காய்ந்து, மோட்டார் மூலம் வயலுக்குப் போகும். 2006-ல் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது அங்கே போய்ப் பார்த்துப் பாராட்டினார்.

இதில் என்னைக் கவர்வது கிணறுகளின் வடிவமைப்பைவிட வயல்தான். விவசாயிக்கு அந்தத் தண்ணீர் தேவைப்படுகிறது. எனவே குளத்தில் தண்ணீர் வராவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. யாருக்கும் பயன்படாத சுத்திகரிப்பு நிலையம் பழுதானால் கேட்க ஆளில்லாமல் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நீரைக் கீரை, வெள்ளரி, தக்காளி போலப் பச்சையாகத் தின்பவற்றுக்கு விடக் கூடாது. தென்னை, தீவனப் புல், மரக்கன்றுகள், பருத்தி போன்றவை பாதுகாப்பானவை. பச்சையாகத் தின்னும் பயிருக்கு விட வேண்டுமானால் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே வரையறுத்தது. குடல்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

கசடு

எந்த முறையாக இருந்தாலும் அடியில் ஏதோ தங்கும். செப்டிக் டேங்க் என்றால் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கசடு உயர்ந்து, நீர் நிற்கும் இடம் சுருங்கி, உள்ளே வருவது அப்படியே வெளியேறும். ஆனால் வீடுகளில் பொங்கி வழிந்த பிறகுதான் லாரியைக் கூப்பிடுகிறோம். அந்த லாரி எங்கே போகிறது என்று கேட்பதும் இல்லை. இரவில் ஏரிக்கரையில், பாலத்துக்கு அடியில், தரிசில் திறந்துவிட்டுப் போவது பல ஊர்களில் நடக்கிறது. ஒரு லாரி, பல வீடுகளின் மூன்று ஆண்டுச் சேமிப்பை ஒரே இடத்தில் கொட்டுகிறது.

இதற்கென்று தனி நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் 2015-ல் ஒன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் உள்ளது முதலில் வந்தவற்றில் ஒன்று. கசடை மணல் படுகையில் பரப்பி, நீரை வடியவிட்டு, வெயிலில் காயவைப்பதுதான் அங்கே அடிப்படை. ஒரு கிராமம் தனியாக இதைக் கட்ட வேண்டியதில்லை, பக்கத்து நகரத்தின் நிலையத்தோடு சுற்றியுள்ள ஊராட்சிகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும்.

எவ்வளவு அவசரமாக இருந்தாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாகும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், வாசனையே தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையாலும் அந்த உயிரை ஈடுகட்ட முடியாது. எந்திரம் வராத சந்தில் தொட்டி கட்டுவதாக இருந்தால், லாரியின் குழாய் அதுவரை நீளுமா என்று கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

பணம் இல்லை என்ற பதில் எப்போதும் வரும். தூய்மை பாரத இயக்கத்தின் 2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் குளியல், சமையல் கழிவுநீர் மேலாண்மைக்கென ஆளுக்கு 280 ரூபாய் வரை ஒதுக்கினார்கள். 2,000 பேர் என்றால் 5,60,000 ரூபாய். பாதாளச் சாக்கடைக்கு அது காணாது. உறிஞ்சு குழிகளுக்கும் வாய்க்கால் முனையில் ஒரு வடிதொட்டிக்கும் ஓரளவு போதும்.

எனவே பணத்தைவிட முதலில் கேட்க வேண்டியவை வேறு. நம் ஊரில் எத்தனை செப்டிக் டேங்குகளின் குழாய் தெரு வாய்க்காலில் விழுகிறது? குடிநீர்த் தொட்டிக்கு நீர் ஏற்றும் கிணற்றில் நைட்ரேட் எவ்வளவு? கசடு லாரிக்காரர் எங்கே கொட்ட அனுமதி வாங்கியிருக்கிறார்? புதிதாகக் கட்டும் படுகையின் வடிதொட்டியை மாதாமாதம் யார் அள்ளுவார்கள், அவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் தனிக் கூலியும் எந்தக் கணக்கில் வரும்? தூய்மைக் காவலர்களின் தலையில் சம்பளமில்லாத கூடுதல் வேலையாக இதைக் கட்டினால் ஆறு மாதம் தாங்காது, அது நியாயமும் இல்லை.

கூட்டத்தில் அந்தக் காவலர்களையே பேசச் சொல்லுங்கள். எந்தத் தெருவில் வாய்க்கால் எங்கே அடைக்கும், எந்த வீட்டுக் குழாய் எங்கே திறந்திருக்கிறது என்பது பொறியாளரின் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.